கோபத்துக்குக் கீழே இருக்கும் பழைய பயம்

காஞ்சிபுரத்தில் என்னைத் தேடி வரும் குடும்பங்கள் பலவும் ஒரே புகாரோடு வருகின்றன. கோபம். "திடீர்னு கத்துறா மேடம். கையில கெடச்சத விட்டெறியுறா. ஒரு மணி நேரத்துல அவளே கால்ல விழுந்து அழுவுறா" என்பார் கணவர். "சின்ன வயசுலருந்தே பிடிவாதம்" என்பார் அம்மா. அழைத்து வரப்பட்ட பெண் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். சித்திரை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டிருப்பார். கையை மறைக்க அவருக்குக் காரணம் இருக்கும்.

என்னிடம் வருவதற்குள் அவர்கள் நெடுந்தூரம் அலைந்திருப்பார்கள். சோளிங்கர் மலை ஏறியிருப்பார்கள். கார்த்திகை ஞாயிற்றுக்கிழமைகளில் கச்சபேஸ்வரர் கோயிலில் மண்சட்டியில் விளக்கேற்றித் தலையில் சுமந்து வலம் வந்திருப்பார்கள். தலை சம்பந்தப்பட்ட எந்த நோயும் அந்த மண்டை விளக்கால் தீரும் என்பது இந்த ஊர் நம்பிக்கை. வேப்பிலை அடித்து, மந்திரித்த கயிறு கட்டி, அதன் பிறகு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய் மாத்திரை வாங்கிக்கொண்டு, கடைசியில் என் அறைக்கு வருவார்கள். கோயிலுக்குப் போனதற்காக யாரையும் நான் குறை சொன்னதில்லை. ஒரு மனுஷியின் வேதனை நிஜம் என்று குடும்பம் நம்பிய இடம் பல வீடுகளில் அந்தக் கோயில் வாசல் ஒன்றுதான்.

நான் மருத்துவ உளவியலாளர். மருந்து எழுதுவது மனநல மருத்துவரின் வேலை, பேசிக் குணப்படுத்துவது என் வேலை. இரண்டு பேரும் சேர்ந்துதான் சிகிச்சை செய்கிறோம். என் தொழிலில் மிகக் கடினம் என்று பலரும் ஒதுங்கிப்போகும் ஒரு நிலையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறும், பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மன உளைச்சலும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருக்கும் நிலை அது. இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் தனித்தனி நபர்கள் அல்லர். பலருடைய வாழ்க்கையைக் கலந்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி எழுதியிருக்கிறேன்.

இரண்டு நோய், ஒரே உடம்பு

எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவருக்கு உணர்ச்சி சட்டென்று பொங்கும், உச்சத்துக்குப் போகும், அடங்க நேரம் பிடிக்கும். தன்னை விட்டுவிடுவார்கள் என்ற பயம் எந்நேரமும் இருக்கும். இன்று தெய்வமாகத் தெரிந்தவர் நாளை துரோகியாகத் தெரிவார். 'நான் யார்' என்பதே அவருக்கு நிலையாகத் தெரியாது. உள்ளே ஒரு வெறுமை. அது தாங்க முடியாமல் போகும்போது தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாக நினைப்பது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஒன்பது அறிகுறிகளைச் சொல்கிறது. அவற்றில் ஐந்து இருந்தால் நோய் என்று கணக்கு.

பேரதிர்ச்சியின் உளைச்சல் வேறு. நடந்து முடிந்த கொடுமை முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கனவில் வரும், பகலில் ஒரு வாசனையில் வரும், ஒரு சத்தத்தில் வரும். அதை நினைவூட்டும் எல்லாவற்றிலிருந்தும் ஆள் ஒதுங்கி ஒதுங்கி, கடைசியில் வாழ்க்கையே ஒடுங்கிவிடும். உடம்பு எப்போதும் அடி விழப்போவதுபோல விறைத்திருக்கும்.

இரண்டும் 1980இல், அந்தக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில்தான் முதன்முதலாக இடம்பெற்றன. ஆனாலும் ஒன்றை ஆளுமைக் கோளாறு என்றும் மற்றதைப் பதற்ற நோய் என்றும் பிரித்து வைத்தார்கள். 1992இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், சிறுவயதில் நீண்டகாலம் கொடுமைக்கு ஆளானவர்களிடம் இவை பின்னிக் கிடப்பதை எடுத்துச் சொன்னார். 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் சிக்கலான பேரதிர்ச்சி உளைச்சல் தனி நோயாக ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய மக்கள்தொகை ஆய்வில், எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்குப் பேரதிர்ச்சி உளைச்சலும் இருந்தது. மனநல மருத்துவமனைக்கு வருகிறவர்களிடம் இந்த விகிதம் இன்னும் கூடுதல்.

இரண்டும் எப்படிப் பின்னுகின்றன என்பதற்கு ஒரு பெண்ணின் ஓர் இரவைச் சொல்கிறேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர். அப்பா தறி நெய்தவர், மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருவார். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து மூன்று மணி நேரம்தான் தூங்கியிருந்தார். சாப்பிடவில்லை. காதலிக்கும் பையனுக்கு வாட்ஸாப்பில் செய்தி போட்டார். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. 'விட்டுட்டான்' என்ற எண்ணம். நெஞ்சு இறுகியது. அடுத்து அவருக்கு வந்தது பையனின் முகம் அல்ல, ஒன்பது வயதில் அம்மா தன்னை விட்டுவிட்டுப் போன ஓர் உறவினர் வீட்டின் பின்னறை. அந்த அறையில் நடந்தது. அதற்குப் பிறகு வெட்கம். 'நான் அசிங்கம்' என்ற எண்ணம். அப்புறம்தான் கை பிளேடைத் தேடியது.

வீட்டாருக்குத் தெரிந்தது, பையன் பதில் போடாததால் பெண் கையைக் கிழித்துக்கொண்டாள் என்பது மட்டும். இந்தக் கண்ணிகளை நாங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான், நடுவில் ஒரு பின்னறை இருப்பது அவருக்கே புலப்பட்டது. பதில் வராத செய்திக்கும் பிளேடுக்கும் நடுவில் இருக்கும் அந்த அறையைத் தொடாமல் கோபத்தை மட்டும் எப்படி ஆற்றுவது?

தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்

காஞ்சிபுரத்தில் இந்த வேலையைச் செய்கிறவர் இந்த ஊரின் ஒரு வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் செய்ய முடியாது.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டு வர வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓடும். ஒரு பக்கக் கரையின் நாடாவை எறிய நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். அந்த இடத்தில் நெடுங்காலம் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். சொந்த வீட்டுப் பிள்ளை என்றால் அப்பாவுக்குக் கைத்துணை. கடன்பட்ட வீட்டுப் பிள்ளை என்றால் கதை வேறு. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக அந்தப் பிள்ளை அடுத்தவர் தறியில் உட்கார்ந்தது. பணம் கழிகிறவரை வேலையை விட முடியாது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது, குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. ஆனாலும் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட பிள்ளைகளைப் பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இடம்பெற்றது. பிறகு சிறப்புப் பள்ளிகள், ஆய்வுகள், பெற்றோரின் விழிப்பு, தொழிற்சாலை வேலை என எல்லாம் சேர்ந்து நிலைமையைப் பெருமளவு மாற்றின. இன்று தறிக்கு வர இளைஞர்களே இல்லை என்று முதியவர்கள் கவலைப்படும் காலம்.

அந்தப் பிள்ளைகள் எங்கே போனார்கள்? இப்போது அவர்களுக்கு முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து வயது. இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் நன்றாகவே வாழ்கிறார்கள். தறியில் வளர்ந்த எல்லோருக்கும் நோய் வந்துவிடவில்லை, எல்லாத் தறி வீடும் கொடுமை வீடும் அல்ல. சிலர் மட்டும் உறங்க முடியாமல் என்னிடம் வருகிறார்கள்.

அப்படி வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு வயதில் அடுத்த தெருவில் ஒரு வீட்டுத் தறியில் உட்கார வைக்கப்பட்டவர். இழை அறுந்தால் அடி, தூங்கி விழுந்தால் அடி. அந்த வீட்டில் நடந்தது அடி மட்டும் இல்லை என்பதை அவர் சொல்லப் பல மாதங்கள் ஆயின. திருமணத்துக்குப் பிறகு, நெசவுத் தெருக்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்க முடியாமல், தறிச் சத்தம் கேட்காத வீடு வேண்டும் என்று கணவரோடு சண்டை போட்டு ஊருக்கு வெளியே வாடகைக்குப் போனார். மார்க்கெட்டுக்கு வரும்போதுகூடத் தறி ஓடும் தெருக்களை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் வருவார். கணவர் சாப்பிடும்போது விளையாட்டாகத் தட்டில் டக் டக் என்று தட்டினால் தட்டைப் பிடுங்கி எறிவார். பிறகு 'என்னை விட்டுட்டுப் போயிடுவியா' என்று விடிய விடியக் கேட்டுக்கொண்டிருப்பார். சாகப் பார்த்து இரண்டொரு முறை ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர். வீட்டார் அவரைக் கோவக்காரி என்றார்கள். அவர் கோவக்காரி இல்லை என்று இந்த அறையில் நான் அவருக்குச் சொன்ன நாளில் அவர் நம்பவில்லை.

உயிரைக் காக்கும் பயிற்சிகள்

இந்த நிலைக்கு உலகம் முழுதும் பயன்படும் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அவர் வளர்த்த டி.பி.டி. (டயலெக்டிக்கல் பிஹேவியர் தெரபி) என்னும் சிகிச்சையின் முதல் ஆய்வு 1991இலும் நூல் 1993இலும் வெளிவந்தன. 2011இல், தாம் பதினேழு வயதில் நோயாளியாக அடைபட்டிருந்த அதே ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையில் நின்று, தம் கதையை அவர் உலகுக்குச் சொன்னார். தம்மையே காயப்படுத்திக்கொண்ட பெண்ணாக இருந்தவர் தாம் என்றார். அந்தச் செய்தியை என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். 'இதிலிருந்து மீண்டவர்தான் இந்தச் சிகிச்சையைக் கண்டுபிடித்தார்' என்று சொன்னால் குனிந்திருந்த தலை நிமிரும்.

அதில் நான்கு வகைப் பயிற்சிகள் உண்டு. இந்த நொடியில் மனத்தை நிறுத்துவது, தாங்க முடியாத வேதனையைத் தாங்கிக் கடப்பது, உணர்ச்சியைப் புரிந்து நெறிப்படுத்துவது, உறவைக் கெடுக்காமல் வேண்டியதைக் கேட்பது. நகரத்து மருத்துவமனையில் இவற்றைக் குழுவாக உட்கார வைத்துச் சொல்லித்தருவார்கள். காஞ்சிபுரத்தில் அது அப்படியே நடக்காது. முதலாளி வீட்டு மருமகளும் அவர்களிடம் கூலிக்கு நெய்கிறவரின் மனைவியும் ஒரே அறையில் மனம் திறக்க முடியுமா? ஆகவே வாலாஜாபாத், உத்திரமேரூர், காஞ்சி என்று ஒருவரையொருவர் அறியாதவர்களைச் சேர்த்துச் சிறு குழு அமைப்பேன். முடியாதபோது தனித்தனியாகச் சொல்லித்தருவேன். தினமும் மனநிலையை எழுதிவர அட்டை கொடுப்பது வழக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவருக்கு எழுத்து வராது. அவர்கள் இரவில் எனக்கு வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்புகிறார்கள். ஒன்றிலிருந்து ஐந்துவரை வேதனைக்கு ஓர் எண், செய்த பயிற்சி எது, அவ்வளவுதான்.

பயிற்சிகள் பார்க்க மிக எளியவை. உணர்ச்சி உச்சிக்குப் போன நேரத்தில் அறிவுரை காதில் ஏறாது, அப்போது உடம்பைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அகலப் பாத்திரத்தில் ஐஸ் போட்ட தண்ணீரில் மூச்சடக்கி முகத்தைச் சில நொடிகள் அமிழ்த்தினால் நாடித்துடிப்பு இறங்கும். இதய நோய் உள்ளவர்களுக்கு இதைச் சொல்வதில்லை. அவர்களுக்கு மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடும் பயிற்சி. வெட்கத்தில் தலைகுனியத் தோன்றும்போது நிமிர்ந்து உட்கார்ந்து ஆளைப் பார்த்துப் பேசுவது இன்னொன்று. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினால், செய்வதற்கு முன்னால் எனக்குப் போன் செய்ய வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அந்தப் போன் ஐந்து பத்து நிமிடத்துக்கு மேல் நீளாது. எந்தப் பயிற்சி, இப்போதே எப்படிச் செய்வது என்பது மட்டும் பேசுவோம்.

ஒரு பயம் பல குடும்பங்களை ஆஸ்பத்திரிக்கே வரவிடாமல் தடுத்தது. "போலீஸ் கேஸ் ஆயிடும்" என்பது அது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. இதை ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்.

காயத்தை எப்போது தொடுவது

இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்த வந்தது இனிமேல்தான்.

நெடுங்காலம் எங்கள் துறையில் ஒரு விதி இருந்தது. முதலில் ஆளை நிலைப்படுத்து, பழைய காயத்தைத் தொடாதே, தொட்டால் உயிருக்கு ஆபத்து. அதில் நியாயம் இருந்தது. ஆயத்தம் இல்லாமல் கிளறினால் ஆபத்துதான். ஆனால் நடைமுறையில் அந்த 'முதலில்' முடியவே இல்லை. பழைய நினைவு ஒவ்வொரு வாரமும் ஆளைக் கவிழ்த்துக்கொண்டிருக்க, 'நீ நிலைப்பட்ட பிறகு அதைப் பேசலாம்' என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டார்கள். நினைவு ஆறாததால் நிலைப்படவில்லை, நிலைப்படாததால் நினைவு ஆற்றப்படவில்லை. பேரதிர்ச்சிக்கான சிகிச்சை ஆய்வுகளிலும் இப்படிப்பட்டவர்களைச் சேர்க்காமல் விட்டதுண்டு. மிக மோசமாக அடிபட்டவர்களுக்கே சிகிச்சை மறுக்கப்பட்டது.

லினெஹனோடு பணியாற்றிய மெலனி ஹார்னெட் இந்தப் பூட்டைத் திறக்க முயன்றார். ஈட்னா ஃபோவா உருவாக்கிய, பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் திரும்பத் திரும்ப எதிர்கொள்ளும் சிகிச்சையை எடுத்து டி.பி.டி.க்குள்ளேயே வைத்தார். இரண்டு மாதங்களாவது தற்கொலை முயற்சியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதோ இல்லாதிருக்க வேண்டும், வலுத்த உணர்ச்சியை ஓடாமல் தாங்கப் பழகியிருக்க வேண்டும், இதைச் செய்ய அவரே விரும்ப வேண்டும். நடுவில் மறுபடி காயப்படுத்திக்கொண்டால் அந்த வேலையை நிறுத்திவிட்டுப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். இவை நிபந்தனைகள். 2014இல் வந்த அவருடைய ஆய்வில் 26 பெண்கள்தான். சிறிய ஆய்வு, ஆனாலும் நாங்கள் பயந்ததற்கு நேர்மாறான முடிவு. காயத்தைத் தொட்டுச் சிகிச்சையை முடித்தவர்களிடம் தற்கொலை முயற்சி கூடவில்லை, மற்றவர்களைவிடக் குறைந்தது. ஜெர்மனியில் மார்ட்டின் போஹுஸ் குழுவினர் சிறுவயதுக் கொடுமைக்கு ஆளான 193 பெண்களிடம் செய்த பெரிய ஆய்வு 2020இல் வந்தது. பேரதிர்ச்சிக்கான இரண்டு வகைச் சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள். இரண்டிலுமே பெண்கள் தேறினார்கள், டி.பி.டி.யோடு இணைத்ததில் சற்றுக் கூடுதலாகத் தேறினார்கள்.

தறியில் உட்கார்ந்த அந்தப் பெண்ணோடு இதைத்தான் செய்தேன். பயிற்சிகள் கைவந்து, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் சில மாதங்கள் கடந்த பிறகு, பயங்களைப் படிவரிசையாக எழுதினோம். மிகக் குறைந்த பயம் கைபேசியில் தறிச் சத்தத்தின் பதிவைக் கேட்பது. அடுத்தது பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருமுனையில் நிற்பது. பிறகு தறி ஓடும் வீட்டு வாசலில், பிறகு உள்ளே, பிறகு தறிக்குழி ஓரத்தில், அவர் சிறுமியாக உட்கார்ந்திருந்த அதே பக்கத்தில். உச்சியில் இருந்தது, தரையில் அமர்ந்து நாடாவைக் கையில் எடுப்பது. அவருக்கு அறிமுகமான ஒரு வயதான நெசவாளித் தம்பதி வீட்டைத் தந்து உதவினார்கள். எதற்கு என்று கேட்கவில்லை. "வந்து உக்காரு தாயி, எவ்ளோ நேரம் வேணும்னாலும் உக்காரு" என்றார் அந்தப் பாட்டி.

ஒவ்வொரு படியிலும் பயம் நூற்றுக்கு எத்தனை என்று கேட்பேன். எண்பதில் தொடங்கும். ஓடாமல் நின்றால், அடி விழவில்லை, யாரும் வரவில்லை, இந்தக் கதவை நானே திறந்து வெளியே போக முடியும் என்று உடம்பு கற்றுக்கொள்ளும். அடுத்தடுத்த முறைகளில் எண் இறங்கும்.

அறைக்குள் செய்யும் வேலை இன்னும் கடினமானது. நடந்ததை, இப்போது நடப்பதுபோல, முதலிலிருந்து முடிவுவரை சொல்ல வேண்டும். வழக்கமாகக் கண்ணை மூடிச் சொல்லச் சொல்வார்கள். இவர் சொல்லும்போதே எங்கோ போய்விடுவார், பார்வை நிலைகுத்தும், குரல் எட்டு வயதுக் குரலாகும். அதனால் கண்ணைத் திறந்தபடி, காலைத் தரையில் அழுத்தி, கையில் ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னார். மனம் அந்த அறையிலும் இந்த அறையிலும் ஒருசேர இருக்க வேண்டும், அப்போதுதான் நினைவு ஆறும். சொன்னதைப் பதிவுசெய்து தினமும் வீட்டில் கேட்க வேண்டும் என்பது முறை. ஒற்றை அறை வீட்டில், பிள்ளைகளும் எடுக்கும் போனில், எப்படிக் கேட்பது? பதிவு என்னிடமே இருந்தது. அவர் வாரத்தில் சில நாள் வந்து, பக்கத்து அறையில் ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போவார்.

முதல் சில வாரங்கள் தூக்கம் கெட்டது, கனவு கூடியது. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் நிற்கவில்லை. பிறகு ஒருநாள், கதையின் நடுவில் தானாக நிறுத்தினார். "அவ்ளோ சின்னப் புள்ள மேடம் அது. அதுக்கு இன்னா தெரியும்?" என்றார். அதுவரை அந்தச் சிறுமியை அவர் குற்றவாளியாகவே பார்த்திருந்தார். அன்றைக்கு வந்த கோபம் கணவர் மேலோ தன் மேலோ இல்லை, போக வேண்டிய இடத்துக்குப் போனது. அதன் பின்னால் துக்கம் வந்தது. அந்தத் துக்கத்தை அழுது தீர்க்க நாங்கள் நிறைய நேரம் கொடுத்தோம்.

இன்று அவருக்குக் கோபம் வருகிறது, எல்லோருக்கும் வருவதுபோல. தட்டு பறப்பதில்லை. பேரதிர்ச்சிக்கான அறிகுறிகள் நோய் என்று சொல்லும் அளவில் இல்லை.

வீடும் ஊரும்

நோயாளி மட்டும் மாறினால் போதாது. லினெஹனின் கோட்பாடு இரண்டைச் சேர்த்துச் சொல்கிறது. பிறவியிலேயே மென்மையான மனம், அந்த மனம் படும் வேதனையைப் பொய் என்று தள்ளும் சூழல். 'நடிக்கிறா', 'இதெல்லாம் ஒரு விஷயமா', 'நடந்தது நடந்துபோச்சு, வெளிய சொல்லாத' என்று சொல்லிச் சொல்லி, தன் வேதனையைத் தானே நம்பாத ஆளை உருவாக்குகிறோம். அந்த ஆள் கத்தினால்தான் காது கொடுக்கிறோம், ஆகவே கத்தக் கற்றுக்கொள்கிறார். கணவர்களுக்கும் அம்மாக்களுக்கும் நான் சொல்லித்தருவது மிகச் சிறிய காரியம். புத்தி சொல்வதற்கு முன் ஒரு வாக்கியம். "உனக்கு இப்போ ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது." அவர் செய்ததை ஏற்க வேண்டியதில்லை, அவர் வேதனையை ஏற்றால் போதும்.

ஆண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த நோயின் பெயர் கிடைப்பதே அரிது. குடிகாரன், ரவுடி என்ற பெயர்தான் கிடைக்கிறது. தறியில் அடிபட்ட சிறுவர்கள் அவர்களுக்குள்ளும் இருக்கிறார்கள். 'ஆம்பளைக்கு இதெல்லாமா' என்ற ஒரு கேள்வி அவர்கள் வாயை அடைத்துவைத்திருக்கிறது.

இந்த ஊர் திருவிழாக்களின் ஊர். 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதர் வைபவம் நடந்த 48 நாட்களும் தெருவெங்கும் கூட்டம். ஊர் பரவசத்தில் இருந்தபோது, பின்னாலிருந்து யாரோ உரசினாலே உறைந்துபோகும் பெண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். சாமி பார்க்கவும் ஆசை, போகவும் பயம். இப்போதெல்லாம் வைகாசி கருடசேவைக்கு முன்பே ஒத்திகை பார்க்கிறோம். எந்தத் தெரு வழியாகப் போவது, யாரோடு போவது, மூச்சு முட்டினால் எங்கே ஒதுங்குவது என்று மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். கருடசேவையை நின்று பார்த்துவிட்டு வந்து சொல்லும்போது அவர்கள் முகத்தில் இருக்கும் பெருமிதம் எனக்கு இந்தத் தொழிலின் சம்பளம்.

சட்டத்தின் ஒரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, ஒரு குழந்தை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது எல்லோருடைய கடமை, சிகிச்சையாளரும் விலக்கல்ல. சிகிச்சையின் ரகசியத்துக்கு இந்த எல்லை உண்டு என்பதை நான் ஆரம்பத்திலேயே விளக்கிவிடுகிறேன். அவர்கள் மனம் திறந்த பிறகு அதைச் சொல்வது நம்பிக்கைத் துரோகமாக ஆகிவிடும். ஏற்கெனவே துரோகத்தில் நொந்தவர்களுக்கு இன்னொன்றைத் தரக் கூடாது.

இந்தச் சிகிச்சையைத் தனியாளாகச் செய்யக் கூடாது என்பது லினெஹன் வகுத்த விதி. சிகிச்சையாளர்களும் வாரம் ஒருமுறை கூடி, ஒருவரையொருவர் தாங்க வேண்டும். சென்னையிலும் வேறு ஊர்களிலும் இருக்கும் சக சிகிச்சையாளர்களோடு நான் வீடியோ அழைப்பில் கூடுகிறேன். அந்த ஒரு மணி நேரம் இல்லையென்றால், ராத்திரி வரும் போன்களுக்குப் பிறகு மறுநாள் காலையில் தெளிவான மனத்தோடு இருக்க முடியாது.

யாருக்குச் சொல்கிறேன்

என் துறைக்கு வரும் இளையவர்களே, 'கஷ்டமான கேஸ்' என்று இவர்களைத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஸனாரினி குழுவினர் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு உள்ள 290 பேரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, 93 சதவீதம் பேருக்கு அறிகுறிகள் அடங்கி இரண்டாண்டுகளாவது அப்படியே நீடித்தது. தீராத நோய் என்று இதை இனி யாரும் சொல்ல முடியாது. பயிற்சிகளைக் கற்றுக்கொடுங்கள், நிபந்தனைகளை மதியுங்கள், ஆயத்தமானதும் காயத்தைத் தொடத் தயங்காதீர்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று அவர்களுக்கு வாழ்நாள் முழுக்கச் சொல்லப்பட்டுவிட்டது.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருந்து கிடைக்கிறது, அது பெரிய காரியம். வாரம் ஒரு மணி நேரம், ஓராண்டுக்கு, ஒரே ஆளிடம் உட்கார்ந்து பேசும் சிகிச்சையும் அங்கே கிடைக்க வேண்டும். தனியார் கட்டணம் கொடுக்க முடியாத நெசவாளி வீட்டுக்கு வேறு வழி இல்லை.

குடும்பத்தாரே, உங்கள் வீட்டில் ஒருவர் காரணமில்லாமல் வெடிக்கிறார் என்றால் காரணம் உங்களுக்குத் தெரியவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அழைத்துப் போங்கள். உயிர் விடும் எண்ணம் வந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098. இந்த இரண்டு எண்களையும் இன்றைக்கே போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள்.